கூண்டில் செல்வியாக நின்ற நாள்

குற்றவாளிக் கூண்டில் நான் ஒரே ஒரு நாள்தான் நின்றிருக்கிறேன். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தக் கூண்டுக்கு எதிர்ப்புறம் நின்று, உள்ளே இருப்பவரை ஏன் தண்டிக்க வேண்டும் என்று நீதிபதிக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தவள். சாமராஜநகரிலும் கொள்ளேகாலத்திலும் அரசு வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு, மைசூரில், சட்ட மாணவர்களின் போட்டி ஒன்றில் அந்த ஒரு நாள் வாய்த்தது.

சத்தியமங்கலத்திலும் ஈரோட்டிலும் கொள்ளேகாலத்திலும் இப்போதுதான் கறுப்புக் கோட்டு போடத் தொடங்கியிருக்கும் உங்களுக்காக என்னுடைய பெரிய வழக்குகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தேன். மனம் அவற்றில் நிற்கவில்லை. அந்த ஒரு நாளுக்கே மறுபடி மறுபடி ஓடியது. ஆகவே அதையே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு எனக்கு ஒத்துவரவில்லை. மகன் வீட்டில் இருக்கிறேன். காலையில் மொட்டை மாடியில் நடப்பேன். காபி குடித்துவிட்டுக் கூடத்தில் நடப்பேன். தொலைக்காட்சியில் யாராவது எதையாவது அடித்துச் சொன்னால் எழுந்து நின்று மறுப்பேன். "அத்தே, கொஞ்ச நேரம் உக்காருங்களேன். பாக்கற எனக்கே கால் வலிக்குது" என்பாள் மருமகள். அப்படி இருந்த நாளில்தான் தெரிந்த பேராசிரியை ஒருவர் போனில் அழைத்தார். குற்ற வழக்கு நடத்தும் போட்டி, பல பல்கலைக்கழகங்களிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள், இறுதிச் சுற்றுக்கு நான் வர வேண்டும் என்றார்.

"ஜட்ஜாவா?" என்று கேட்டேன். உள்ளுக்குள் ஆசைதான்.

"இல்ல மேடம். அக்யூஸ்டா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போட்டி எப்படி என்றால், கற்பனையாக ஒரு குற்ற வழக்கை உருவாக்கித் தருவார்கள். இருவர் கொண்ட ஓர் அணி அரசுத் தரப்பு. இன்னோர் அணி குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும். சாட்சிகளாக நடிக்க வெளியாட்களைக் கூப்பிடுவார்கள். மூன்று நடுவர்கள் நீதிபதிகளாக அமர்ந்து கடைசியில் தீர்ப்பும் சொல்வார்கள், மதிப்பெண்ணும் போடுவார்கள். அந்த முறை வெல்லும் அணிக்குப் பெங்களூரில் ஒரு பெரிய வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேரும் வாய்ப்பும் இருந்தது. சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் எவ்வளவு இறுக்கமானது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போட்டிக்கு முந்தின நாள் பேராசிரியை என்னைத் தன் அறையில் உட்காரவைத்து, நான் நடிக்க வேண்டிய செல்வியின் கதையைச் சொன்னார். செல்வி ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண். மைசூரில் தனியாக இருந்த ஒரு முதியவரின் வீட்டில் சமையலும் பார்த்து அவரையும் கவனித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாலை அவர் மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்துபோகிறார். அவருடைய தங்கச் சங்கிலி செல்வியின் வீட்டில் கிடைக்கிறது. சங்கிலியைப் பறித்துக்கொண்டு கிழவரைத் தள்ளிவிட்டாள் என்பது போலீஸ் கதை.

நடந்தது வேறு. கொக்கி அறுந்துபோன சங்கிலியைச் சரிசெய்து வாங்கிவரச் சொல்லி அவர்தான் முதல் நாளே அவளிடம் கொடுத்திருந்தார். அந்த மாலை அவள் சமையலறையில் இருந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தால் அவர் படிக்குக் கீழே கிடக்கிறார். தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மூச்சு நின்றது. உதவிக்கு ஆள் கூப்பிட வெளியே ஓடினாள். எதிர்வீட்டு மாடியில் நின்ற பெண் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். செல்விக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டாள்.

"இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்" என்றார் பேராசிரியை. "நாளைக்குக் காலையில செல்வியோட வக்கீல்கள் உங்களை வந்து பாப்பாங்க. கேட்டா சொல்லுங்க. கேக்காததை நீங்களாத் திணிக்காதீங்க. பொய் சொல்லாதீங்க. வழிகளை உங்க முன்னால வெச்சு எது வேணும்னு கேட்டா, செல்வியா நின்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

நான் யார் என்று மாணவர்களிடம் சொல்லவில்லை. மைசூர்க் கோர்ட்டுகளில் என்னை அதிகம் பேருக்குத் தெரியாது. நடுவர்கள் பெங்களூர்க்காரர்கள். சாயம் போன பருத்திப் புடவை கட்டி, கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

காலையில் ஒரு வகுப்பறையில் என் வக்கீல்கள் வந்தார்கள். ஒருவன் சுமந்த். மைசூரிலேயே வளர்ந்த தமிழ்ப் பையன். கன்னடமும் ஆங்கிலமும் அவனுக்கு மூச்சு மாதிரி வந்தன, தமிழ் கொஞ்சம் தடுக்கியது. இன்னொருத்தி கோகிலா. ஹனூர்ப் பக்கம் கௌதள்ளியில் மக்காச்சோளம் போடும் குடும்பம், வீட்டில் முதல் வக்கீல் இவள்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சுமந்த் உட்காரவில்லை. நடந்துகொண்டே பேசினான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது, நானும் அப்படித்தானே.

"அம்மா, பயப்பட பேடா, பயப்பட வேணாம். கேஸ் ரொம்பச் சிம்பிள். நீங்க நாலு மணி பஸ்ஸுக்கே கிளம்பிட்டீங்க. அந்தப் பெரியவர் விழுந்தது அதுக்கப்புறம். எதிர்வீட்டு அம்மா பாத்தது உங்களை இல்ல, வேற யாரோ. அவ்வளவுதான்."

"சார், நான் சமையக்கட்டுல..." என்று ஆரம்பித்தேன்.

"சமையல் முடிச்சுட்டுத்தான் கிளம்பினீங்க, கரெக்ட். சங்கிலி அவரே குடுத்ததா?"

"ஆமா சார். ஆனா அவரு விழுந்தப்ப..."

"விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்மா? நீங்கதான் அங்க இல்லையே. நான் கேக்கறதுக்கு ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொன்னா சாக்கு, போதும்."

 கோகிலா எதுவும் எழுதாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் சுமந்த் கதவருகே போய், "கோகிலா, வா" என்று கூப்பிட்டான். அவள் எழுந்து போனாள். எனக்குக் கை பரபரத்தது. இந்தப் பிள்ளைகள் எதன்மேல் வழக்கைக் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்தும் சொல்ல முடியாது. அந்த அறையில் நாற்காலிகளை வரிசைப்படுத்தினேன். மறுபடி கலைத்தேன்.

கல்லூரியின் மாதிரி நீதிமன்றம் பெரிய கூடம். ஜன்னலில் சாமுண்டி மலை தெரிந்தது. கூண்டு என்பது இடுப்பளவு மரத்தடுப்பு, ஏற ஒரு படி. உள்ளே நாற்காலி கிடையாது. நீதிபதிகள் வந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கும் அதுவரை தெரியாது. கூண்டிலிருந்து பார்த்தால் உங்கள் வக்கீலின் முதுகுதான் தெரியும். நீதிபதி உங்கள் வக்கீலைப் பார்ப்பார். வக்கீல் நீதிபதியைப் பார்ப்பார். உங்கள் பெயர் இரு பக்கமும் போய்வரும். "தி அக்யூஸ்ட்" என்று சொல்லும்போதெல்லாம் என் உடம்பு கொஞ்சம் விறைத்தது. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், யாரும் என்னிடம் பேசவில்லை. தடுப்பைப் பிடித்தேன், விட்டேன், காலை மாற்றினேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று வாதாடிய கால்கள்தான். அன்று சும்மா நிற்க அவற்றால் முடியவில்லை.

அரசுத் தரப்பில் ஹைதராபாத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள். நன்றாகத் தயாராகியிருந்தார்கள். முக்கியமான சாட்சி, எதிர்வீட்டுப் பெண். கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். செல்வி வாசல் கேட்டைத் திறந்துகொண்டு செருப்பில்லாமல் ஓடிவந்ததையும், இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு தன் மாடியை நிமிர்ந்து பார்த்ததையும், பிறகு தெருவில் ஓடியதையும் சொன்னார். அரசுத் தரப்புக்கு அதில் தப்பியோடிய ஒருத்தி கிடைத்தாள். அவர்களுக்கு அது போதும்.

சுமந்த் குறுக்கு விசாரணைக்கு எழுந்தான். அவன் குரலில் அவசரமே இல்லை. அன்று கண்ணாடி போட்டிருந்தீர்களா என்று கேட்டான். இல்லை. இருட்டத் தொடங்கியிருந்ததா. ஆமாம். உங்கள் மாடிக்கும் அந்தக் கேட்டுக்கும் நடுவே மாமரம் இருக்கிறதா. இருக்கிறது. முகம் தெளிவாகத் தெரிந்ததா, புடவையை வைத்து நினைத்துக்கொண்டீர்களா. அந்த அம்மாள் தடுமாறினார். கடைசியில், "அவளாகத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. சாட்சி உடைந்துவிட்டார். நான் எதிர்ப்பக்கம் இருந்திருந்தால் தலையில் கைவைத்திருப்பேன். அத்தனை சுத்தமான வேலை.

பிறகு அவன் முடிவான கேள்வியைப் போட்டான். "நான் சொல்கிறேன், நீங்கள் பார்த்தது செல்வியை அல்ல. செல்வி அப்போது அந்த வீட்டிலேயே இல்லை. ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருந்தார்."

என் தலை இடமும் வலமுமாக ஆடியது. நான் ஆட்டவில்லை. தானாக ஆடிவிட்டது. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்த கோகிலா அதைப் பார்த்துவிட்டாள்.

அவள் சுமந்தின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்கையால் தட்டிவிட்டு உட்கார்ந்தான். அவன் முகத்தில் வென்ற களை. அவள் அவன் காதில் ஏதோ சொன்னாள். "சும்மா இரு, நாம ஜெயிச்சுட்டோம்" என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது.

சாட்சிகள் முடிந்தால் அடுத்த கட்டம் என்ன என்று உங்களுக்குத் தெரியும். நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரை நேராகப் பார்த்துக் கேள்வி கேட்பார். எங்கள் காலத்தில் முந்நூற்றுப் பதின்மூன்று என்றால் போதும், இப்போது பிரிவின் எண் மாறிவிட்டது. சத்தியப் பிரமாணம் கிடையாது. பேசலாம், பேசாமலும் இருக்கலாம். தலைமை நடுவர் என் பக்கம் திரும்பினார். அன்று முதல் முறையாக ஒருவர் என் முகத்தைப் பார்க்கிறார்.  என்னை என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லக் கூடாது என்பது எனக்கு விதி. என் வக்கீல்களுக்கு அது தெரியாது.

கோகிலா எழுந்து நின்றாள். கட்சிக்காரரிடம் பேச வேண்டும், சில நிமிடம் அனுமதி வேண்டும் என்றாள்.

"காலையில் பேசவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் தலைமை நடுவர்.

"பேசினோம். கேட்கவில்லை" என்றாள் அவள்.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அனுமதித்தார். பக்கத்து நடுவர் எதையோ குறித்துக்கொண்டார். அது மதிப்பெண் குறைவாகத்தான் இருக்க வேண்டும். சுமந்த் அவளை மறித்து, "உனக்கு அந்தப் பெங்களூர்ச் சீட்டு வேணாமா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். அவள் பதில் சொல்லாமல் கூண்டுக்கு வந்தாள். என் முகத்துக்கு நேராக முகம் வரும்படி படியில் ஏறி நின்றுகொண்டாள்.

"ஏனுங்கம்மா, அவரு விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதான் கண்ணு. சமையக்கட்டுல."

ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "முழுசாச் சொல்லுங்க."

சொன்னேன். சத்தம் கேட்டது, ஓடியது, தலையை மடியில் வைத்தது, கேட்டைத் திறந்து வெளியே ஓடியது, எதிர்வீட்டு மாடியைப் பார்த்தது, அந்தக் கதவு சாத்திக்கொண்டது. குறுக்கே ஒரு சொல்லும் பேசாமல் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கை தடுப்பை இறுகப் பிடித்தது. எதிர்வீட்டுப் பெண் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை என்பது அவளுக்கு உறைத்துவிட்டது என்று தெரிந்தது. செருப்பில்லாமல், தலையில் கைவைத்துக்கொண்டு, மாடியை நிமிர்ந்து பார்த்தவள் தப்பியோடும் திருடி இல்லை. உதவி கேட்டவள். எங்களுக்கு இருந்த ஒரே நல்ல சாட்சியைத்தான் சுமந்த் அத்தனை அழகாக உடைத்துப் போட்டிருந்தான்.

"இப்ப நான் சொல்றதக் கேளுங்க" என்றாள்.  "பேசாம இருக்க உங்களுக்கு உரிமை இருக்குதுங்க. நீங்க வாயத் தொறக்கலீன்னா, அந்தம்மா சாட்சி போயிருச்சு, சங்கிலி மட்டுந்தான் மிச்சம். அநேகமா ஜெயிச்சுருவோமுங்க. அங்க இருந்தேன்னு சொன்னீங்கன்னா தோத்தாலும் தோத்துருவோம். நீங்க அங்க இல்லைன்னு மட்டும் இனிமே என்ற வாயால சொல்ல முடியாதுங்க. தெரிஞ்சு போச்சு. மத்தபடி எது வேணும்னு நீங்கதான் சொல்லோணும்."

"நீ என்ன சொல்ற கண்ணு?"

"பேசாம இருங்கன்னுதான் சொல்லுவனுங்க." திரும்பி நடுவர்களைப் பார்த்தாள். "ஆனா ஜெயிலுக்குப் போறது நானில்லீங்களே."

இந்த இடத்தை நான் உங்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். என் பணிக்காலத்தில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. அரசுத் தரப்பு வழக்கில் பெரிய ஓட்டை இருக்கும். தோற்கப்போகிறோம் என்று எனக்கே தெரிந்திருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் தன் கட்சிக்காரரை வாயைத் திறக்காதே என்று எச்சரித்திருப்பார். அந்த நேரம் பார்த்துக் கூண்டில் நிற்பவர், "ஆமாங்க, நான் அங்க போனேன்" என்று பேசத் தொடங்குவார். என் வேலை சுலபமாகிவிடும். இவர்களுக்கு ஏன் புத்தி இப்படிப் போகிறது என்று மத்தியானச் சாப்பாட்டின்போது சக வக்கீல்களிடம் பேசியிருக்கிறேன்.

அன்று சட்டம் தெரிந்த நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்றுதான். பேசாமல் இருக்கிறேன் என்பது. இந்தப் பெண் ஜெயிப்பாள். பெங்களூருக்குப் போவாள். இது நாடகம், நாளைக்கு நான் மருமகள் போட்ட காபியைக் குடித்துக்கொண்டு இருப்பேன். எல்லாம் தெரிந்தும் என்னால் முடியவில்லை. காலையிலிருந்து என்னைப் பற்றி அத்தனை பேரும் பேசிவிட்டார்கள். ஒரு தரப்பு நான் அவரைத் தள்ளினேன் என்றது. என் தரப்போ நான் அங்கே இல்லவே இல்லை என்றது. அந்த மனிதரின் தலை கனத்த என் மடியை இரண்டு தரப்பாருமே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். நெஞ்சுக்குள் ஒன்று முட்டிக்கொண்டே இருந்தது. அது வெளியே வந்தால் போதும், பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று தோன்றியது.

"சொல்லணும் கண்ணு" என்றேன்.

அவள் முகம் ஒரு நொடி வாடியது. கெஞ்சவில்லை. இன்னொரு முறை யோசியுங்கள் என்றும் சொல்லவில்லை.

"செரீங்க. உங்க பாஷையிலயே சொல்லுங்க. அவசரப்படாதீங்க. நான் பக்கத்துலயே நிக்கறன்."

திரும்பிப் போய் நீதிமன்றத்திடம், எங்கள் கட்சிக்காரர் அந்த நேரத்தில் அங்கே இல்லை என்று சாட்சியிடம் சொன்னதை நாங்கள் இனி நம்பி நிற்கவில்லை, கட்சிக்காரர் தானே பேசுவார் என்றாள். அரசுத் தரப்புப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுமந்த் மேசையைப் பார்த்தபடி இருந்தான்.

நான் தமிழில் சொன்னேன். ஒருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நடுவில் என் குரல் உடைந்தது. அதை நான் நடிக்கவில்லை.

வாதத்துக்கு முன்னால் சின்ன இடைவேளை. சுமந்த் கூண்டுக்கு வந்தான். கோபத்தில் காது சிவந்திருந்தது.

"காலையிலயே ஏம்மா சொல்லல? எல்லாம் ஹாளு, பாழாப் போச்சு."

"சொல்ல வந்தேன் சார். ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு போதும்னீங்க."

 காலையில் நடந்ததை மனதுக்குள் ஓட்டிப்பார்க்கிறான் என்று கண்ணில் தெரிந்தது. பிறகு கோகிலாவிடம் போய், இறுதி வாதத்துக்காகத் தான் எழுதிவைத்திருந்த தாள்களை அவள் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு, வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்தான். அந்த இரண்டு பேரும் தலையைச் சேர்த்துக் குனிந்துகொண்டார்கள்.

அரசுத் தரப்பு வாதம் கூர்மையாக இருந்தது. எதிர்த்தரப்பு ஒரு சாட்சியை மங்கல் பார்வைக்காரி என்று நிரூபித்தது, இப்போது அதே சாட்சி சரியாகப் பார்த்தார் என்று சொல்லவேண்டிய நிலையில் இருக்கிறது, செல்வி முதலில் ஒரு கதை வைத்திருந்தாள், மாட்டிக்கொண்டதும் இன்னொன்று. நானாக இருந்தாலும் அப்படித்தான் வாதாடியிருப்பேன். ஒவ்வொரு வாக்கியமும் எங்கே போய் இறங்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஆனால் இறங்கிய இடம் என் உடம்பு.

கோகிலா எழுந்தாள். அவள் ஆங்கிலம் சுமந்தினுடையதைப் போல ஓடவில்லை, படி ஏறுவதுபோல வந்தது. எதிர்வீட்டுப் பெண் உண்மையைத்தான் சொன்னார், அவரை நம்புங்கள் என்று கேட்டாள்.

தலைமை நடுவர் குறுக்கிட்டார். "உங்கள் சகாவே நம்பத் தகாதவர் என்று காட்டிய சாட்சியை நான் எப்படி நம்புவது?"

அவள் திரும்பிக் கூண்டைப் பார்த்தாள். கூடம் காத்திருந்தது. சுமந்த் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் குறுக்கு விசாரணையை நடத்தியது நாங்கள்" என்றாள். "எங்கள் கட்சிக்காரர் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அவரிடம் நாங்கள் கேட்கவே இல்லை. அது எங்கள் தவறு. அதற்கு அவரைத் தண்டிக்க வேண்டாம் என்று கேட்கிறேன்."

 அரசுத் தரப்புப் பெண்களில் ஒருத்தி பேனாவைக் கீழே வைத்தாள்.

இப்படிப் பேசியவள் ஜெயித்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நடுவர்கள் உள்ளே போய்த் திரும்பிவந்தார்கள். அந்த இடைவெளியில் நான் கூண்டுக்குள் இரண்டு எட்டு இப்படியும் இரண்டு எட்டு அப்படியுமாக நடந்துகொண்டே இருந்தேன். தலைமை நடுவர் தீர்ப்பை ஆங்கிலத்தில் வாசித்தார். செல்வி அந்த இடத்தில் இருந்ததை அவளே ஒப்புக்கொண்டாள். சங்கிலி அவள் வீட்டில் கிடைத்தது. நடந்ததை அவள் போலீசிடமும் சொல்லவில்லை, தன் வக்கீலிடமும் சொல்லவில்லை. அவள் தரப்பு முதலில் வைத்த பொய்யான நிலைப்பாடு சூழ்நிலைச் சாட்சியங்களின் தொடரில் இன்னொரு கண்ணி. ஆகவே குற்றவாளி.

அந்தச் சொல்லை எத்தனையோ முறை கேட்டு மனதுக்குள் நிம்மதியாகக் கேஸ் கட்டை மூடியவள் நான். அன்று அது என் மேல் வந்து விழுந்தது. தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தன் வக்கீலிடம் சொல்லவில்லை என்று வாசித்தாரே, அந்த வரிதான் என்னைச் சுட்டது. மறுத்துப் பேச எழுவதற்கு எனக்கு மேசை இல்லை.

வெற்றிக் கோப்பை ஹைதராபாத் பெண்களுக்குப் போனது. பெங்களூர் வாய்ப்பும் அவர்களுக்குத்தான். தகுதியானவர்கள், குறையில்லை. பேராசிரியை கண்ணாலேயே என்னைக் கேட்டார், ஏன் பேசினீர்கள் என்று. தோளைக் குலுக்கினேன். வேறென்ன சொல்ல.

உங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. கட்சிக்காரரிடம் முதலில் கேளுங்கள், கேட்ட பிறகு வழக்கைக் கட்டுங்கள் என்று எந்த மூத்த வக்கீலும் உங்களுக்குச் சொல்லிவிடுவார். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்தது. நீங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது, கூடமே உங்கள் பக்கம் சாய்ந்திருக்கும்போது, கூண்டில் நிற்பவர் தலையை ஆட்டினால் என்ன செய்வீர்கள். பார்க்காததுபோல இருப்பது மிகச் சுலபம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அரசுத் தரப்பில் நிற்பவர்களுக்கும் இதே கேள்விதான். உங்கள் சாட்சி ஒருவர் ஓரமாக நின்று உங்களைப் பார்த்து எதையோ சொல்லத் தவிப்பார். அப்போது எழுந்து, கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று நீதிபதியிடம் கேட்பது மதிப்பெண்ணைக் குறைக்கும். கோகிலாவுக்குக் குறைத்தது.

மேடையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தோற்ற அணியையும் கூப்பிட்டார்கள். சுமந்த் போய் ஓரத்தில் நின்றான். கூடம் காலியாகத் தொடங்கியது. என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நானும் ஏனோ இறங்கவில்லை, கூண்டிலேயே நின்றுகொண்டிருந்தேன். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு கோகிலா கூட்டத்துக்கு எதிராக நடந்து வந்தாள். அழுதிருந்தாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்திருந்தாள். நான் ஏதோ ஒரு விடுதியில் சமையல் வேலை பார்ப்பவள், நாடகத்துக்காகக் கூப்பிட்டுவந்திருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அந்தக் கணம் அவள் அந்தச் சமையல்காரியிடம் வரவில்லை. செல்வியிடம்தான் வந்தாள்.

"ஏனுங்கம்மா, ஜட்ஜய்யா இங்கிலீசுல படிச்சாருங்களே. என்ன ஆச்சுன்னு உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?"

எனக்கு ஒவ்வொரு வரியும் புரிந்திருந்தது. அந்தத் தீர்ப்பில் எந்த இடத்தில் சட்டம் வழுக்கியது, எந்த இடத்தில் மேல்முறையீட்டில் கைவைக்கலாம் என்பதுகூட மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

"புரியல கண்ணு" என்றேன். "சொல்லு."

மேடையிலிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டை மடித்துப் படியில் வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் தடுப்பின் இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"மொதல்ல ஒண்ணத் தெரிஞ்சுக்குங்க" என்றாள். "இதோட முடிஞ்சு போகலீங்க."